சாட்சிக்கு வந்தவள்

"இது உங்க ஒப்புதானே சேட்டா?"

வருமான வரி அதிகாரி ஜிஷா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். தனபால் குனிந்து பார்த்தார்.

"என்ற கையெழுத்துத்தானுங்க மேடம். ஆனா அது கடனில்லீங்க. சம்பளமுங்க."

"கடன்னுதானே எழுதியிருக்கு? எல்லா மாசமும் ஒப்பு இட்டிருக்கீங்களே?"

எல்லா மாதமும்தான். சின்னக்கானல் மலையில் ரிசார்ட் கட்டிய கம்பெனி ஒன்று, மேற்பார்வைக்கு வடகரப்பதி ஊர்க்காரரான தனபாலை ஒப்பந்தத்தில் எடுத்தது. சம்பளம் என்று எழுதினால் வரி பிடிப்பார்கள். கடன் என்று எழுதினால் வரியே இல்லை, பணத்தைத் திருப்பியும் தரவேண்டாம் என்றார்கள். கரும்பு தின்னக் கூலியா? தனபால் மூன்று வருடம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இப்போது கம்பெனி கை மாறிவிட்டது. 'வாங்கிய கடனை வட்டியோடு எடுத்து வை' என்று புது முதலாளி வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தார். 'கடனாவது ஒன்றாவது, அது வருமானம். வரியும் அபராதமும் கட்டு' என்று வரி அலுவலகமும் நோட்டீஸ் விட்டிருந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

தப்பிக்க ஒரே வழி, அரசின் சமரசத் திட்டம். வேலை பார்த்து வாங்கிய சம்பளம்தான் என்று நிரூபித்தால் அபராதம் கிடையாது, வரி மட்டும்தான். அந்த உத்தரவைக் காட்டிப் புது முதலாளியின் வாயையும் அடைக்கலாம். இல்லாவிட்டால் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு ஏலத்துக்குப் போய்விடும்.

திட்டத்துக்குக் கடைசி நாள் இன்று. ஐந்து மணியோடு சரி.

"அங்க வேலை செஞ்சதுக்குத் தெளிவு வேணும், ஆதாரம். ரெஜிஸ்டர் ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் பழைய கம்பெனிக்காரன் கொண்டுட்டுப் போயிட்டானுங்க. அங்க சித்தாள் வேலை பாத்த ஒருத்தி இப்ப என்ற தோப்புல இருக்கறா. சாட்சி சொல்ல வந்துட்டே இருக்கறாளுங்க."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

தனபால் வராந்தாவுக்கு ஓடிவந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"முருகேஸ்வரி எங்க தொலைஞ்சா?"

"அவ அப்பவே பஸ் ஏறிட்டாளுங்க," என்றாள் மனைவி நாச்சம்மாள். "போனுந்தான் அவகிட்ட இல்லீங்களே."

தனபாலுக்கு ஆத்திரம் பொங்கியது. காசு கேட்க மட்டும் விடிவதற்குள் வாசலில் வந்து நிற்பாள். நமக்கு ஓர் ஆபத்து என்றால் ஆடி அசைந்து வருவாளாமா? நன்றி கெட்ட ஜென்மம்! அவளுக்கு இவரிடம் கடன் வேறு கழுத்துவரை இருந்தது. வராமல் எங்கே போய்விடுவாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

மணி நாலரை தாண்டியது. உள்ளே மேசைகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள்.

படியில் தடதடவென்று சத்தம். முருகேஸ்வரி மூச்சு வாங்க ஓடி வந்தாள். சேலையெல்லாம் தேங்காய் நார்.

"எலப்புள்ளிகிட்ட பஸ்ஸு பஞ்சராயிருச்சு மொதலாளி. கொஞ்ச தூரம் ஓடியாந்தேன். பெறவு ஒரு பால் வண்டிக்காரரு ஏத்திக்கிட்டாரு."

"சரி சரி, மொதல்ல உள்ள வா!"

ஜிஷா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு அங்க வேலை செஞ்சது உனக்குத் தெரியுமா?"

"என் கண்ணால பாத்தேன் மேடம். பனியில வந்து நின்னாருன்னா பொழுது அடையுற வரைக்கும் நிப்பாரு. காய்ச்சல்ல கம்பளியைப் போத்திக்கிட்டு வந்துகூட வேலையை நடத்துனாரு."

"அதெல்லாம் சரி. பணத்தை இவரு கடன்னு எழுதி வாங்கியிருக்காரே?"

முருகேஸ்வரி தனபாலைத் திரும்பிப் பார்த்தாள். பேசியபோது குரல் தழுதழுத்தது.

"பாடுபட்டதுக்குக் குடுத்தா அது கூலி மேடம். அது எப்பிடிக் கடனாகும்? இல்லாதப்பட்டவன் கையெழுத்துக்கு நிக்கையில, அவங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுவாங்க. ஒழச்ச ஒடம்புக்குத் தெரியாதா அது கூலியா கடனான்னு?"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தனக்காக இப்படிக் கலங்குகிறாளே என்று தனபாலுக்கே நெஞ்சு இளகிவிட்டது. சற்று முன் திட்டியதற்காக வெட்கப்பட்டார்.

ஜிஷா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வாக்குமூலத்தை எழுதி, முருகேஸ்வரியிடம் கைநாட்டு வாங்கி, கணினியில் மளமளவென்று தட்டினார். ஐந்தடிக்கச் சற்று முன் உத்தரவு தனபாலின் கைக்கு வந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்ததும் முருகேஸ்வரிக்கு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார்.

"நீ மட்டும் வரலீன்னா இன்னிக்கு என்ற தோப்பு போயிருக்கும், முருகேஸ்வரி. அந்தக் கம்பெனிக்காரனெல்லாம் ஒரு மனுசனா? பாடுபட்ட காசைக் கடன்னு எழுதி வாங்கியிருக்கறான் பாரு! வெளங்குவானா அவன்?"

அவள் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மொதலாளி... சின்னக்கானல்ல எங்க அக்காவுக்கு மேலுக்கு முடியலையாம். இந்த மாசக் கூலியக் குடுத்தீங்கன்னா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருவேன்."

"அட, இதுக்கு எதுக்குத் தயங்கற?" தனபால் தாராளமாகப் பர்சை எடுத்தார். கூடவே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளையும் எடுத்து விரித்தார்.

"கூலின்னு குடுத்தா நீ மலையேறிட்டுத் திரும்பி வர மாட்ட. எப்பவும் போல கடன்னே எழுதிக்கறேன். விரல்ல மை காயறதுக்குள்ள இதுலயும் ஒண்ணு வெச்சிரு."