அந்த மெதுவான பாட்டு

"அந்தப் பையன் வேண்டாம். அவனுக்கு அவன் வேலையே தெரியலை."

செருப்பைக் கழற்றும் முன்பே அப்பா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

மகளுக்கு முகம் வாடிப்போனது. அவள் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படும் பையன் ஒரு டி.ஜே. "பொத்தானை அமுக்குறதெல்லாம் ஒரு பொழைப்பா?" என்று அப்பா ஒரு மாதமாகத் தையாத் தக்காவென்று குதித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை நேர்ல பார்த்துட்டுச் சொல்லுங்கப்பா" என்று அவள்தான் கெஞ்சி அனுப்பினாள். ஊரிலேயே பெரிய கிளப்பில் இன்று மாலை அவனுக்குச் சோதனை. கடைசி வரைக்கும் கூட்டத்தை ஆட வைத்தால் நிரந்தர வேலை.

"அப்படி என்னங்க பண்ணிட்டான்?" என்று அம்மா தண்ணீரை நீட்டினாள்.

அப்பா மடக் மடக்கென்று குடித்தார்.

"ஆரம்பம் நல்லாத்தான் இருந்தது, இல்லைன்னு சொல்லலை. ஒரு காதுல ஹெட்போன், கண்ணு கூட்டத்து மேலேயே. ஒரு பாட்டு எங்கே முடியுது, அடுத்தது எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியலை. தாளம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காருது. நிக்கணும்னு நினைச்சாலும் காலு நிக்காது."

"யார் காலு?"

"பொதுவாச் சொல்றேன்."

"அவன் யார் முகத்தையும் பார்க்க மாட்டான்பா, காலைத்தான் பார்ப்பான். அடுத்த பாட்டு என்னன்னு காலே சொல்லிடுமாம்" என்றாள் மகள்.

"என்னத்தைப் பார்த்தானோ! இடமே நிரம்பி வழியுது. வட்டம் கட்டி நின்னு கைதட்டுறாங்க. அந்த நேரம் பார்த்து வேகத்தைக் கொறைச்சுக் கொறைச்சு, தாலாட்டு மாதிரி ஒரு பாட்டைப் போட்டான் பாரு! வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழியை உடைச்ச கதை. எல்லாரும் கூச்சல் போட்டுக்கிட்டே கலைஞ்சு போய் உக்காந்துட்டாங்க. இனிமே வர வேண்டாம்னு மேனேஜர் அங்கேயே சொல்லிட்டார்."

"நீங்க எங்கே இருந்தீங்க?"

"எங்கே இருப்பேன்? ஓரமாக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். என் வயசுக்கு அதுதானே மரியாதை?"

"அப்புறம் ஏன் சட்டை இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கு?"

"அங்கே ஏசி சரியில்லை."

அம்மா நம்பிவிட்டாள். போன வருஷம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த மனுஷர். மூச்சு வாங்குகிற எதையும் செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவரைவிட அம்மாதான் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

"ஏதாவது காரணம் இருக்கும்பா. அவன் தெரியாமப் பண்ண மாட்டான்."

"காரணமா? போன் போடு. ஸ்பீக்கர்ல வை. நாங்க கேக்குறோம்னு மட்டும் சொல்லிடாதே, அப்பத்தான் உண்மை வரும்."

மகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. போனை மேஜையில் வைத்தாள்.

"வேலை கிடைக்கலையாமே?"

"ம்... விடு. வேற கிளப் பார்த்துக்கலாம்."

"ஏன் நடுவுல அந்தப் பாட்டைப் போட்டே?"

"கை தவறிடுச்சு."

'பார்த்தியா?' என்பதுபோல அப்பா புருவத்தை உயர்த்தினார்.

"உனக்குக் கை தவறாது. அப்பா வேண்டாம்னே சொல்லிட்டார். இப்பவாவது உண்மையைச் சொல்லேன்." அவள் குரல் உடைந்தது.

எதிர்முனையில் அவன் பேச்சை மாற்றினான்.

"உங்கப்பா பத்திரமா வந்துட்டாரா? மாத்திரை போட்டாரா?"

"வந்துட்டார். ஏன்?"

போனை அணைக்க அப்பா அவசரமாகக் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல நின்னு பிரமாதமா ஆடினார். சின்னப் பசங்க சுத்தி நின்னு கைதட்டவும் அவரால நிறுத்த முடியலை. திடீர்னு காலு பின்ன ஆரம்பிச்சுடுச்சு, எனக்குப் பயமாயிடுச்சு. பாட்டை நிறுத்தி அவரை மட்டும் கூப்பிட்டா, அத்தனை பேர் முன்னாடி அவருக்கு அசிங்கமாப் போயிடும். அதான் எல்லாரையும் உக்கார வெச்சேன். கூட்டத்தோட கூட்டமா அவரும் உக்காந்துட்டார். நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம், ஒண்ணே ஒண்ணு" என்றது போன். "அவர் ஆடினது உங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம், என்ன?"