பார்த்தாலே தெரியுமாம்

இவளுக்கு அந்தப் பழைய கதை தெரிந்திருக்குமோ? தேநீரைக் கொடுக்கும்போதே யோகராணி வந்தவளின் முகத்தைப் பார்த்தாள். பவானி டீச்சரோ கதிரையில் சாய்ந்து ஒரு மனுவையும் பேனாவையும் நீட்டினாள்.

“விபசாரத்துக்கு அனுமதி குடுக்கணும்னு பேசுறாங்களாம். நம்ம குண்டசாலை ஊர்ப் பொம்பளைங்க எதிர்த்துக் கையெழுத்து வைக்கிறோம். ரோட்டுல நிக்கிறவளுங்கள இன்னும் கடுமையாப் பிடிக்கணும்னும் எழுதியிருக்கேன்.”

“யாருன்னு எப்படித் தெரியும் டீச்சர்?”

“பார்த்தாலே தெரியாதா? நீங்க ஒண்ணு.”

“என்னைய ஒருதடவை பொலிஸ் பிடிச்சாங்க. கோர்ட்ல குத்தத்தையும் ஒத்துக்கிட்டேன்.”

டீச்சர் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தாள்.

“புடவைக் கடை வேலை முடிஞ்சு டவுன்ல பஸ்ஸுக்கு நின்னேன். பஸ் வரல. ரொம்ப நேரம் நின்னது சந்தேகமாம். மறுநாள் கோர்ட்ல, ஒத்துக்கிட்டா உடனே வீட்டுக்குப் போகலாம்னாங்க. மகள் ஸ்கூல் விட்டு வர்ற நேரம்.”

“அவ்வளவுதானா? நான் வேற பயந்துட்டேன்.” கோப்பை திரும்பி வந்தது. “அப்ப நீங்கதான் முதல்ல கையெழுத்து வைக்கணும். அவளுங்களாலதானே உங்களுக்கு இந்தக் கேடு.”

அன்று பொலிஸ் கூண்டுக்குள் அழுதுகொண்டிருந்த யோகராணிக்குத் தன் பாண் துண்டில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தது அவளுங்களில் ஒருத்திதான்.

யோகராணி பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

“தேத்தண்ணி ஆறுது, குடிங்க டீச்சர்.”