மூன்று மைக்ரோகிராம்

"வாம்மா, வா. மறுபடியும் மூணு மைக்ரோகிராம் கூடக் காட்டுது," என்றாள் எடையறைக்காரி, கதவைத் திறந்துவிட்டபடி.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. உங்க தராசுக்கு என்மேல அவ்வளவு பாசம்க்கா!" தராசு மெக்கானிக் சிரித்துக்கொண்டே கருவிப் பெட்டியை இறக்கினாள். அவளுடைய வலது கட்டைவிரலின் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு ஓடியது.

மருந்து ஆராய்ச்சிக்கூடத்தின் கோடியில் இருந்தது அந்தச் சின்ன அறை. மின்விசிறி இல்லை, சன்னலும் இல்லை. கருங்கல் மேசைமேல், கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு. எறும்பு பெருமூச்சு விட்டால்கூட அதன் எண்கள் ஆடிவிடும் என்பதால் வேறு எவரும் உள்ளே வருவதில்லை. பதினாறு ஆண்டுகளாக எடையறைக்காரி காலையில் வருவாள், அளப்பாள், மாலையில் பூட்டிக்கொண்டு போவாள்.

மாதம் ஒருமுறை ஒரு கிராம் எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பது வழக்கம். பிழை தெரிந்தால் மெக்கானிக்கை அழைத்தாக வேண்டும். எட்டு மாதங்களாகப் பிழை தவறாமல் வந்தது. மெக்கானிக்கும் தவறாமல் வந்தாள். ஏதோ தூசி என்று சொல்லிக் கல்லைத் துடைத்துச் சரிசெய்துவிட்டுப் போவாள்.

அன்று மேலாளரும் பின்னாலேயே வந்து நின்றார்.

"தூசியாவது மண்ணாவது! நானே பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டேன். எடைக்கல்லுல விரல் ரேகை இருக்கு. இடுக்கியால எடுக்க வேண்டியதைக் கையால தொட்டிருக்காங்க. இந்த ரூமுக்குன்னு இருக்கறது ஒரே ஆள். அதை ரிப்போர்ட்டுல எழுதிக் குடுங்க. நாளைக்கே வேற ஆளைப் போட்டுக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டு அவர் போனார்.

"மில்லியை ஆயிரமா உடைச்சா ஒரு துண்டுதான் மைக்ரோ," என்றாள் மெக்கானிக். "மூணு துண்டுக்கு ஒரு ஆளோட வேலையே போயிடுமா?"

"போகும்போலத்தான் இருக்கு. மைக்ரோவுக்குக் கீழ என்னென்னமோ சொல்வியே?"

"நானோ, பிகோ, அதுக்கும் கீழ ஃபெம்டோ."

"ஆங், ஃபெம்டோ! ஒரு நாளைக்கு நான் மத்தவங்ககிட்டப் பேசறதை அதுலதான் அளக்கணும். வீட்டுக்குப் போனாலும் சுவருகிட்டதான் பேச்சு."

"எனக்கு அதுக்கும் வழியில்லக்கா. சுவருகிட்டப் பேசினா பக்கத்து வீட்டுக்காரன் அந்தப் பக்கமிருந்து தட்டறான்!"

எடையறைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். கூண்டுக்குள் எண்கள் பதறி ஓடின. அவை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்:

"என் பேரையே எழுதிடும்மா. நான்தான் தொட்டேன்."

மெக்கானிக்கின் பேனா காகிதத்தின்மேல் அப்படியே நின்றது.

"எதுக்குக்கா பொய் சொல்றீங்க?" என்றாள். "முதல் தடவை நெசமாவே தூசிதான். அப்புறம் ஒவ்வொரு மாசமும் கிளம்பும்போது கல்லைப் பெட்டியில எடுத்து வைக்கறது நான்தானே? அப்ப கையுறையைக் கழட்டிட்டு வேணும்னேதான் தொட்டேன். பிழை இருந்தாத்தானே மறுபடி கூப்பிடுவாங்க? ஊரெல்லாம் சுத்தறேன்க்கா. 'வாம்மா, வா'ன்னு கதவைத் திறக்கறது நீங்க ஒருத்தர்தான்."

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'தவறு மெக்கானிக்குடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இனி என்னை இங்க அனுப்ப மாட்டாங்க. இத்தனை தொல்லை குடுத்தவளுக்காக நீங்க ஏன்க்கா பழியைச் சுமக்கப் பார்த்தீங்க?"

எடையறைக்காரி மேசை இழுப்பறையைத் திறந்து, எடைக்கல் துடைப்பதற்கென்று கொடுக்கப்பட்டிருந்த துணியை எடுத்தாள். எட்டு மாதமாகியும் அதன் மடிப்புக் கலையவில்லை.

"ரேகைக்குக் குறுக்கால அந்தத் தழும்பு ஓடறதை ரெண்டாவது மாசமே பார்த்துட்டேன்," என்றாள். "ஒரு துடை துடைச்சா மூணு மைக்ரோவும் போயிருக்கும், அடுத்த மாசம் நீ வந்திருக்க மாட்டியே!"