மீன் தீர்ந்துபோச்சு

“மீன் தீர்ந்துபோச்சுங்க.”

ஓட்டல்காரம்மாள் கூசாமல் இப்படிச் சொன்ன அதே நேரத்தில், பக்கத்து மேசையில் ஒரு முழு மீன், பொரித்த சூடு ஆறாமல் வந்து இறங்கியது.

அவனுக்கு வியர்த்துவிட்டது. எதிரே மாமனார் உட்கார்ந்திருந்தார்.

“அப்ப அது என்னங்க?”

“அது அவங்க முன்னாடியே சொல்லிவச்சது.”

“நண்டு?”

“இல்ல.”

“இறால்?”

“அதுவும் இல்ல. முட்டை இருக்கு, ரொட்டி இருக்கு. இஷ்டம்னா சாப்பிடுங்க.”

மாமனார் சாதாரண ஆள் இல்லை. கப்பல் சமையற்கட்டிலேயே தலை நரைத்தவர். கல்யாண விருந்தில் அவன் மீன் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியதைப் பார்த்துவிட்டு, “என்கூட உட்கார்ந்து ஒரு துண்டு மீன் திங்காதவன் எனக்கு என்ன மாப்பிள்ளை?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டவர். அதன் பிறகு மகள் வீட்டுப் படியை அவர் மிதித்ததில்லை. போனில் பேச நேர்ந்தாலும் ‘தம்பி’தான். ‘மாப்பிள்ளை’ என்ற சொல் அவர் வாயிலிருந்து மறுபடி வந்ததே இல்லை.

இப்போது வந்திருக்கிறார். வரவழைத்தது அவன் மனைவி துணிந்து அவிழ்த்துவிட்ட ஒரு பொய்.

“கடலோரத்துக்குக் குடிவந்ததுலேர்ந்து இவர் மீனை ஒரு வெட்டு வெட்டறார்ப்பா! நீங்க வாங்க, நல்ல ஓட்டலாப் பார்த்து அவரே கூட்டிட்டுப் போவார்.”

அவள் போனை வைத்ததும் அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“ஏன்டி, அந்த வாசனை பட்டாலே எனக்குக் குடலைப் புரட்டுமே!”

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குங்க. எனக்கு எங்கப்பா வேணும்.”

மறுநாளே அவன் ஓட்டல் தேடக் கிளம்பினான்.

மீனை வாயில் வைக்காதவன் நல்ல மீன் ஓட்டலை எப்படிக் கண்டுபிடிப்பான்? அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நுணுக்கம் பார்க்கத் தெரியும், நாக்குதான் ஒத்துழைக்காது. மூக்கடியில் தைலத்தைப் பூசிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக எட்டிப் பார்த்தான். எங்கும் கூட்டம், எங்கும் ஏப்பம். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மீன் சந்தைக்கே போய், விற்கிற அம்மாளிடம் கேட்டான்:

“உங்ககிட்ட வாங்கற ஓட்டல்காரங்கள்ல அதிகமா சண்டை போடறது யாருங்க?”

“மணிக்கூண்டுக்குப் பின்னால ஓட்டல் வச்சிருக்காளே, அந்த மகராசிதான். செவுளைத் தூக்கிப் பார்த்துட்டு என் மூஞ்சியிலயே விட்டெறிவா!”

போதும், அதுதான் ஓட்டல் என்று முடிவுகட்டினான்.

இன்று பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த மாமனார், பாதி வழியில் கேட்டார்.

“சளியா தம்பி? தைல வாசனை தூக்குதே.”

“ஆமாங்க... கொஞ்சம்.”

அவரை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தப் போன இடத்தில் இன்னொரு பூச்சு பூசிக்கொண்டான். அவன் உள்ளே நுழைந்தபோது, மாமனார் அடுப்படிப் பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இத்தனை பாடும் பட்டு வந்தால், இந்த அம்மாள் இப்படிச் சாதிக்கிறாள்!

“ஊரெல்லாம் தேடி உங்க ஓட்டலுக்கு வந்திருக்கோம். பெரியவருக்கு மட்டும் ஒரு துண்டு...”

“இல்லன்னா இல்லதாங்க.”

“விடுங்க தம்பி, முட்டையே வரட்டும்” என்றார் மாமனார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முட்டை வந்தது. அவன் வயிற்றுக்கு அது நிம்மதிதான், மனசுக்குத்தான் இல்லை. மாமனார் ரொட்டியைப் பிய்த்து மென்றுகொண்டே பக்கத்து மேசை மீனை ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். எச்சிலை விழுங்கினார். அந்தப் பார்வையைக் கண்டதும் அவனுக்கு உயிரே போய்விட்டது. மனைவியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, “ஹெல்மெட்டை வச்சுட்டு வந்துட்டேங்க” என்று உள்ளே ஓடினான்.

“உங்களுக்கு நான் என்னம்மா பாவம் பண்ணேன்? அத்தனை மீனையும் கண்ணெதிர்ல வச்சுக்கிட்டு இல்லைன்னு சாதிக்கிறீங்க! அந்த மனுஷன் இனிமே என் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுப்பாரா?”

ஓட்டல்காரம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“கத்தாதீங்க, அவர் காதுல விழுந்துறப் போகுது. கை கழுவற சாக்குல அடுப்படிக்கு வந்து இப்படிச் சொல்லச் சொன்னதே அவர்தான். ‘என் மாப்பிள்ளைக்கு மீன் ஆகாதும்மா. எனக்காக மூக்குல தைலத்தைப் பூசிக்கிட்டு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றாரு. அவர் எழுந்து போற வரைக்கும் உங்க ஓட்டல்ல மீனே கிடையாது, சரியா?’ன்னாரு.”