ஒரே கீறல்

ஸ்ரீரங்கத்து வீட்டின் ஜன்னல் கம்பிகளுக்கிடையே பிற்பகல் வெயில் மேசைமேல் விழுகிறது. அங்கே விரித்த வெல்வெட் துணியில் இரண்டு சோழர் வெள்ளிக்காசுகள் இருக்கின்றன. ஒன்று ஜெய்சங்கர் தன் மனைவி பூரணியின் வளையலை விற்று வாங்கியது. இன்னொன்றை எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் ஏறி வந்த நண்பர் அழகிரி இப்போதுதான் பெருமையாகப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஜெய்சங்கரின் கையில் லென்ஸ் அசையாமல் நிற்கிறது. இரண்டு காசிலும் புலியின் வாலருகே ஒரே இடத்தில், ஒரே வளைவில் ஒரு கீறல். வெவ்வேறு கைகளில் புழங்கிய காசுகளில் கீறல் இப்படி ஒத்துப்போகாது. இரண்டுமே ஒரே அச்சில் வார்த்த போலிகள். அவர் லென்ஸை நீட்டுகிறார். அழகிரியும் குனிந்து பார்க்கிறார், நிமிரவே இல்லை. காப்பித் தட்டோடு வந்த பூரணி எட்டிப் பார்க்கிறாள். “ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு மாதிரியே இருக்கே. அப்ப நிஜக் காசுதானே அண்ணே?” அழகிரி தொண்டையைச் செருமிக்கொள்கிறார். “ஆமாம்மா, நிஜந்தான்.” “வளையல் போனா போகட்டும், சோழ ராஜாவே வீட்டுக்கு வந்துட்டாரு” என்று சிரித்தபடி, டம்ளர் வைக்க இடம் வேண்டித் துணியை ஓரமாக இழுக்கிறாள். காசுகள் நழுவி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்கின்றன. “அடடா, கலந்துடுச்சே. இதுல எதுங்க நம்மளுது?” இருவரில் ஒருவரும் கையை நீட்டவில்லை. காப்பியில் மெல்ல ஆடை படிகிறது.