மூன்றாவது டியூப்

மனச்சோர்வு பரம்பரையாக வருமா என்று பார்க்கும் மரபணுச் சோதனைக்காக, 2012இல் அந்தமானின் புரோத்ராபூரில் வீடு வீடாக எச்சில் எடுத்தார்கள். ராஜகுமாரி முதலில் மறுத்தாள்.

“சோகம் ரத்தத்துலயே இருக்குன்னு எழுதிட்டா எம் பொண்ண யாரு கட்டுவா?”

மகள் உதயாதான் சம்மதிக்க வைத்தாள்.

சுகாதாரப் பணியாளர் பவானி, ரேஷன் கார்டைப் பார்த்து மூன்று டியூப்களில் பெயர் எழுதினாள். சுனாமியில் போன கணவன் யோகராஜின் பெயரை ராஜகுமாரி கார்டிலிருந்து எடுக்கவே இல்லை. விஷயம் தெரிந்ததும் பவானி அந்த டியூபைக் காலியாகவே பெட்டியில் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மெயின்லேண்டிலிருந்து மூன்று கவர்கள் வந்தன. ராஜகுமாரி தன்னுடையதையும் மகளுடையதையும் பிரிக்கவில்லை.

“அவரு கவலையா இருக்காரான்னு மட்டும் படிச்சுச் சொல்லும்மா.”

பவானி படித்தாள். ‘மாதிரியில் உப்பு அதிகம். மறுபடி எடுக்கவும்.’

“அக்கா, அந்த டியூப் காலியாத்தான் போச்சு.”

“நீ ஜல்தி பண்ணி எடுத்துட்டுப் போயிட்ட. இந்தத் தடவ விட்டுட்டுப் போ. அவரு எதையும் மெதுவாத்தான் செய்வாரு.”

பவானி ஒரு டியூப் கொடுத்தாள். ராஜகுமாரி அதை யோகராஜின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த வாரம் பவானி வந்தபோது டியூப் கோடு வரை நிறைந்திருந்தது. எடுத்ததும் கையில் சிந்தியது.

“எத்தன தடவ சொன்னாலும் மூடிய இறுக்கித் திருகவே மாட்டாரு,” என்று ராஜகுமாரி முந்தானையால் அவள் விரல்களைத் துடைத்துவிட்டாள். பிறகு ஈரமான அந்த முனையைக் கைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டாள்.