எல்லை தாண்டாத பித்தளை

"உன் பார்சல் மறுபடியும் திரும்பிப் போயிடுச்சு வெர்ன். மூஞ்சிய அப்படித் தூக்கி வச்சுக்காத, நானா திருப்பி அனுப்பினேன்?" என்றாள் பார்சல் கடை டார்லா.

வெர்னன் நெற்றியில் அடித்துக்கொண்டான். திங்கட்கிழமை மூஸ் மான் வேட்டை ஆரம்பம். வருடக்கணக்காகக் குலுக்கலில் பெயர் போட்டு, இந்த வருடம்தான் அவனுக்கு அனுமதி விழுந்திருந்தது.

அப்பாவின் பழைய துப்பாக்கியால்தான் சுடுவேன் என்று மச்சான் கிளிஃபிடம் சவால் வேறு விட்டாயிற்று. அதற்கான தோட்டாவை இப்போது யாரும் செய்து விற்பதில்லை. வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். வெடிமருந்து இருந்தது, ஈயக் குண்டு இருந்தது, அதையெல்லாம் அடைக்கிற பித்தளைக் கூடுதான் இல்லை. அப்பா காலத்துத் தேயிலை டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்த கூடுகள் கராஜில் எங்கேயோ மாயமாகிவிட்டன.

"வெத்துக் கூடு டார்லா! உள்ள ஒரு சிட்டிகை மருந்து கிடையாது. வாயில வச்சு ஊதினா விசில்தான் வரும்."

"அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். மேல தோட்டாக் கூடுன்னு எழுதியிருந்தா சுங்கத்துக்காரனுக்கு அது தோட்டாதான். எல்லையிலயே திருப்பி விட்டுடறான். உனக்கு விக்கிற ஆளு வெளிநாடாமே?"

வெளிநாடுதான். 'அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அனுப்பப்படும்' என்று அந்த அமெரிக்க இணையச் சந்தையில் போட்டிருந்தது. விற்பவர் வைத்துக்கொண்ட பெயர் 'நீலக்கோழி'. ஃபின்லாந்துக்காரராகத்தான் இருக்கும் என்று வெர்னன் தானாகவே முடிவு கட்டிவிட்டான். படத்தில் அந்தக் கூடுகளைப் பார்த்தபோதே சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல் அவனுக்கு மனசு இளகிப் போயிருந்தது.

கனடாக்காரன் வெர்னனுக்கு அமெரிக்கப் பார்சல் கடையில் என்ன வேலை என்று கேட்டால், அவன் ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. கனடாவுக்கு அனுப்ப மாட்டோம் என்று முறுக்கிக்கொள்ளும் கடைகளுக்காக, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தபால் பெட்டி எண்ணை வாடகைக்குப் பிடித்துவிடுவார்கள். பார்சலில் பெயர்கூட வேண்டாம், எண் போதும். வெர்னனின் எண் மனைவி நோரீனுக்குத் தெரியாது. தெரிந்தால் "இன்னும் எத்தனை இரும்பு வாங்கி அடுக்கப் போற?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

காரில் உட்கார்ந்தபடியே நீலக்கோழிக்குக் காரமாக ஒரு செய்தி தட்டினான். காலையிலிருந்தே தட்டிக்கொண்டுதான் இருந்தான்.

பதில் உடனே வந்தது. "ஐயா, உயிரை வாங்காதீங்க. இனிமே போஸ்டே வேண்டாம். சனிக்கிழமை அந்தப் பக்கம் வர்ற வேலை இருக்கு, பார்சல் கடை வாசல்லயே கையில குடுத்துடறேன். அதுவரைக்கும் என்னை விட்டுடுங்க."

ஃபின்லாந்துக்காரருக்கு இந்தப் பொட்டல் ஊரில் என்ன வேலை என்று ஒரு கணம் இடித்தது. ஆனால் கண்ணெதிரே மூஸ் மான் வந்து நின்றுவிட்டதால் வெர்னன் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், கராஜ் பளிச்சென்று இருந்தது. சுவரோரம் ஆள் உயரத்துக்குப் புது ஃப்ரீசர் ஒன்று நின்றது.

"இறைச்சி வைக்க இடம் பண்ணியாச்சு," என்றாள் நோரீன். "வெறுங்கையோட வந்து நின்னேன்னா உன்னைத்தான் மடிச்சு உள்ள வைப்பேன்."

வேட்டை என்றாலே முகம் சுளிக்கிறவள்! வெர்னனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவளிடம் மறைத்துப் பெட்டி எண் வைத்திருப்பதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"இதை எப்படி வாங்கின?"

"எனக்கு ஆயிரம் வழி. நீ மானைப் பாரு. அப்புறம், சனிக்கிழமை அந்தப் பக்கம் போகணும், சீஸும் பாலும் தீர்ந்துபோச்சு, அங்கதான் மலிவு."

"நானே கூட்டிட்டுப் போறேன்! எனக்கும் பெட்ரோல் போடணும்," என்றான் வெர்னன் அவசரமாக.

"கூட்டிட்டுப் போ. ஆனா கடைக்குள்ள என் பின்னாடியே வந்து நிக்காத."

"நானா? சத்தியமா வர மாட்டேன்."

சனிக்கிழமை அவளை சீஸ் கடை வாசலில் இறக்கிவிட்டான். துணிப்பையை இடுக்கிக்கொண்டு அவள் உள்ளே போனதும், காரைப் பார்சல் கடைக்கு விரட்டினான். பின் சீட்டில் கிடந்த ஆரஞ்சு வேட்டைத் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று செய்தி அனுப்பினான். "வந்துட்டேன். ஆரஞ்சுத் தொப்பி."

"இதோ, ரெண்டு நிமிஷம்," என்று பதில் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் நோரீன் திரும்பினாள். ஃபின்லாந்துக்காரரும் இவளும் ஒன்றாக வந்து சேர்ந்தால் பெட்டி எண், பித்தளை, பொய்ப் பெட்ரோல் எல்லாமே வெளியே வந்துவிடும்!

தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கிறவன்போல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தாண்டிப் போய்விடு தாயே என்று வேண்டிக்கொண்டான்.

காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. அவனுக்குப் பின்னாலேயே வந்து நின்றது.

யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். வேறு வழியில்லாமல் வெர்னன் திரும்பினான்.

நோரீன் ஒரு கையில் போனும் மறு கையில் அப்பாவின் அந்தத் தேயிலை டப்பாவுமாக, வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அந்த நச்சரிப்பு ஐயா... நீதானா?"